ஏழாவது சட்டி

போன சனிக்கிழமை மகள் பன்றி எலும்பு போட்டுப் பேக்கன் சூப் வைக்க ஒரு பெரிய சட்டி தேடினாள். ஓக்லாந்தில் மாசி என்கிற பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுக் குசினியில் சட்டி பானைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவளுடைய கை நேரே போய்ப் பிடித்தது அலுமாரியின் அடித்தட்டில், பழைய துவாய் சுற்றி நான் பத்திரமாக வைத்திருந்த அலுமினியச் சட்டியை.

"அதை எடாதை. அது பண்டி படாத சட்டி" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்க்கமாட்டாளா? நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர். நத்தாருக்குப் பண்டிக்கறி இல்லாவிட்டால் என் மனுசன் இவருக்கு நத்தார் வந்ததாகவே இருக்காது. இந்த வீட்டில் பண்டி படாத சட்டி எதற்கு என்று மகள் இங்கிலீசில் கேட்டாள். இங்கே பிறந்த பிள்ளை. சாப்பாடு தமிழிலும் கேள்வி இங்கிலீசிலும்தான் நடக்கும். "நான் ஒருக்கா மலாய்க்காரியா இருந்தனான்" என்றேன். "ஓகே அம்மா" என்று சொல்லிவிட்டு வேறு சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு நேரமில்லை. உங்களுக்கு இருந்தால் இருங்கள், சொல்கிறேன்.

துவாயை அவிழ்த்தபோது தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்ந்து இறுகுகிற அந்தத் தொதல் மணம் வந்தது போல இருந்தது. சும்மா கதை. இத்தனை வருடத்துக்கு எந்த மணம் சட்டியில் நிற்கும்? ஆனால் மூக்குக்கு அது விளங்குவதில்லை. மூக்கு என்னை நேரே ஹென்டர்சனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

தொண்ணூறுகளில் ஹென்டர்சனில் ஐஸ்கிரீம் டப்பா செய்கிற ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை இருந்தது. யாழ்ப்பாணம் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்த நான், பெரிய பெரிய அரசாங்க அதிபர்களின் கடிதங்களுக்குக் கமா போட்டுத் திருத்திய நான், அங்கே நின்று டப்பாக்களின் விளிம்பைத் தடவிப் பார்த்து மூடி போட்டேன். இன்றைக்கும் யார் வீட்டில் ஐஸ்கிரீம் தந்தாலும் முதலில் விளிம்பைத்தான் தடவுவேன். இவர் மேசைக்குக் கீழே காலால் தட்டுவார்.

எனக்கு எதிரே, டப்பாக்கள் ஓடுகிற பெல்ட்டின் மறுபக்கம் நின்றவள் பரீனா. முகத்தைப் பார்த்து மலேசியா அல்லது பிலிப்பைன்ஸ் என்று நினைத்துக்கொண்டேன். நான் வேலைக்கு வந்து மூன்றாம் நாள் மெசின் நின்றுவிட்டது. நான் அதன் தாய் தகப்பனை எல்லாம் இழுத்து நல்ல சாவகச்சேரித் தமிழில் திட்டினேன். எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, அந்த மெசினுக்குத் தமிழ் வெளங்காது. எனக்குத்தான் வெளங்குது."

அன்றைக்கு அந்த பெல்ட்டுக்குக் கீழே புகுந்து ஒளிக்கலாமா என்றிருந்தது எனக்கு.

பரீனா கொழும்பு கொம்பனித்தெருக்காரி. இலங்கை மலாய்க்காரி, முஸ்லிம். ஒல்லாந்தர் காலத்திலும் பிறகு வெள்ளைக்காரர் காலத்திலும் ஜாவாவிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் சிப்பாய்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் வந்தவர்களின் வழி. வீட்டுக்குள் மலாய், ரோட்டில் சிங்களம், மதரசாவில் தமிழ், வேலைக் கந்தோரில் இங்கிலீசு. நாலு பாஷையிலும் அவளுக்குக் கோபப்படத் தெரியும். நானோ அதே தீவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவள். மலாய்க்காரரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வட்டிலப்ப இனிப்பும் தீயணைப்புப் படையும்தான். அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எங்களைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று நாங்கள் உலகம் முழுக்க மூக்கால் அழுதுகொண்டு திரிந்த காலம் அது.

தீயணைப்புப் படை என்று சொன்னேன் இல்லையா, பரீனாவின் தகப்பன் அதிலிருந்துதான் ஓய்வு பெற்றவர். கொழும்பில் எரிந்த கடைகளையெல்லாம் நூர்த்த மனிதர். அவருக்கு வாழ்க்கையில் ஒரேயொரு ஆசை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பரீனா அதைச் சொன்னபோது நான் முதலில் சிரித்துவிட்டேன்.

"வாப்பாக்கு மலேசியா போய் பெரிய கட்டடம் ஒண்டும் பாக்கத் தேவல்ல, அக்கா. ஒரு பஸ்ல ஏறணுமாம். அந்த பஸ்ல ஈக்கிற எல்லாரும் எங்கட பாஷையில கதைக்கணுமாம். ஒரு தரம் அதக் கேட்டாப் போதுமாம்."

சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சின்ன வயதில் இருந்து அந்த மனிதர் ஏறிய ஒவ்வொரு பஸ்ஸிலும் அவருடைய பாஷை அவருடைய வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது. எனக்கோ அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரிக்குப் போகிற பஸ் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாது. ஊரில் சண்டை. ஊரே இடம்பெயர்ந்து எங்கெங்கேயோ கிடந்தது. பஸ் ஆசை எனக்கும் விளங்கும்.

வாப்பா சும்மா இருக்கவில்லை. கொழும்பில் அவர்களுடைய சங்கத்தில் இருந்துகொண்டு கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் தென்னாபிரிக்காவில் கேப் டவுனுக்கும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். நாங்களும் இங்கே இருக்கிறோம், எங்களையும் எண்ணுங்கள் என்பதுதான் எல்லாக் கடிதத்தின் சாரமும். வந்த பதில்களைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தாராம். பெரும்பாலும் பெருநாள் வாழ்த்து அட்டைகள்தான்.

இப்போது ஓக்லாந்துச் சங்கத்துக்கு வருகிறேன். உலகத்தில் எங்கெங்கே மலாய் ஆட்கள் சிதறிக் கிடக்கிறார்களோ அவர்களையெல்லாம் ஒரே பாயில் இருத்த வேண்டும் என்று கோலாலம்பூரில் ஒரு சபை இருந்தது. அதனோடு தொடர்பு வைத்திருந்த சின்னச் சங்கம் ஒன்று இங்கே. மலேசியாக்காரர், சிங்கப்பூர்க்காரர், ஜாவா மாணவர்கள், கேப் டவுன் ஆட்கள் கொஞ்சப் பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் மாசிப் பகுதியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுவார்கள். தலைவர் பெயர் சுலைமான். எல்லாரும் பாக் சுலைமான் என்பார்கள். பாக் என்றால் எங்களுடைய ஐயா மாதிரி. ஜோகூரில் ரப்பர்த் தோட்டத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். ஒடாஹுஹுவில் கார் திருத்துகிற கராஜ் வைத்திருந்தார். எண்ணெய்க் கறை போகாத விரல்கள், சிரிக்காத முகம்.

இலங்கை ஆட்கள் உண்மையில் மலாய்க்காரர்தானா என்று சங்கத்தில் சிலருக்குச் சந்தேகம். நிறம் வேறு, சாப்பாட்டில் உறைப்புக் கூட, கதைக்கிற மலாயில் பாதி விளங்குவதில்லை என்று முறைப்பாடு. கேப் டவுன்காரருக்கு மலாயே தெரியாது; அவர்களையும் யாரோ கேட்டார்களாம். பாக் சுலைமான் இந்த ஆராய்ச்சி எல்லாவற்றையும் ஒரு விதியால் முடித்து வைத்தார். ஒரு நாட்டு ஆட்கள் ஏழு வீடு இருந்தால் அவர்கள் ஒரு கிளை. வீட்டை எப்படி எண்ணுவது? பேர்ப்பட்டியலை அவர் நம்பமாட்டார். முன்னொருமுறை ஒருவர் செத்துப்போன மாமியையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருந்தாராம். அதனால் சட்டிதான் கணக்கு. ஒரு வீட்டுக்கு ஒரு சட்டி. வீட்டில் சமைத்து, சமைத்த சட்டியோடு கொண்டுவந்து பாயில் வைக்க வேண்டும். அவர் குனிந்து எண்ணிக்கொண்டு போவார்.

"பேரை ஆரும் எழுதலாமாம், சட்டியை அடுப்பில வெச்சுத்தான் ஆகணுமாம்" என்று பரீனா அவரைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு சொல்லிக் காட்டுவாள்.

கிளையாக ஏற்றுக்கொண்டால் என்ன கிடைக்கும்? அங்கேதான் விஷயம். அந்த வருடம் மலேசியாவில் எல்லா நாட்டு ஆட்களும் கூடுகிற பெரிய கூட்டம் ஒன்று வர இருந்தது. ஒவ்வொரு கிளையும் தாய்நாட்டிலிருந்து ஒரு பெரியவரை விருந்தாளியாகச் சொல்லலாம். சபை டிக்கெட் போட்டு அழைக்கும். பரீனா வாப்பாவின் பெயரைச் சொல்ல இருந்தாள். வாப்பாவுக்கு நெஞ்சு வருத்தம். இந்த வருடம் பிளேன் ஏறலாம், அடுத்த வருடம் தன்னைக் கேட்காதே என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

இலங்கை மலாய் ஆட்கள் ஏழு வீடு இருந்தது. சட்டி எண்ணுகிற ஞாயிறுக்கு இரண்டு கிழமை முன்பு ஒரு குடும்பம் வேலை கிடைத்துச் சிட்னிக்குப் போய்விட்டது. ஆறு.

ஒரு செவ்வாய்க்கிழமை பெல்ட்டின் மறுபக்கத்தில் இருந்து பரீனா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அக்கா, கோவப்பட வாணாம். ஒங்கட பேரக் குடுத்திட்டன்."

"எதுக்கு?"

"ஏழாவது வீட்டுக்கு."

"உமக்கென்ன விசரே?" என்று நான் கத்தியதில் இரண்டு டப்பா மூடி இல்லாமலே போய்விட்டன.

என் பெயரின் வாலை வெட்டி, தலைக்கு ஒரு 'ஞெய்' வைத்திருந்தாள். அவர்கள் பெண்களின் பெயருக்கு முன்னால் போடுவது. பார்க்கப் பெயர் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அதைவிட, தன் செயலுக்கு நியாயமும் வைத்திருந்தாள். சாவகச்சேரி என்றால் சாவகர் இருந்த சேரி, சாவகர் என்றால் ஜாவாக்காரர், அதனால் என் ஊரே அவர்களுடைய ஊர்தானாம். "நீங்கதான் அக்கா எங்களுக்கு முந்தி வந்தாக்கள்" என்றாள். எங்கள் ஊர் வாத்திமாரும் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் ஊர்ப்பெயரை வைத்துச் சாதகம் எழுதினால் யானை இல்லாத ஆனைக்கோட்டையில் எத்தனை பேர் யானை?

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். பத்துக் கட்டளையில் பொய்க்கென்று ஒன்று தனியாக இருக்கிறது; அது தெரியாதவளில்லை. இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஒன்றும் கேட்காமல் தன் டப்பாவைத் திறந்து அச்சாறு ஊறுகாயை என் பக்கம் தள்ளினாள். கண் வீங்கியிருந்தது. "வாப்பா இப்பவே சூட்கேஸ கழுவிக் காயப்போட்டீக்கிறாராம்" என்றாள். அதற்குப் பிறகு நான் என்ன செய்ய? ஓம் என்றேன்.

வீட்டில் இவரிடம் சொன்னபோது பேப்பரை மடக்காமலே கேட்டார். "அப்ப எனக்கும் தொப்பி ஒண்டு தருவினமோ?"

என்ன சமைப்பது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. தொதல். எங்கள் ஊரில் கலியாணத்துக்கும் கிண்டுவோம், அவர்களும் பெருநாளுக்குக் கிண்டுவார்கள், பெயர்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர்கள் எங்களுக்குத் தந்ததா, நாங்கள் அவர்களிடம் எடுத்ததா என்று கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றால் அடிப்பிடித்துவிடும். மாவும் வாங்கியாயிற்று, டின் தேங்காய்ப்பாலும் வாங்கியாயிற்று. சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தேன்.

அப்போதுதான் கை நின்றது. அந்தச் சட்டியில் போன நத்தாருக்குப் பண்டிக்கறி காய்ச்சியிருந்தேன். அதற்கு முந்தின நத்தாருக்கும். வீட்டில் இருந்த அத்தனை சட்டியும் பண்டி கண்ட சட்டிகள்தான்.

கழுவினால் போகாதா என்று நீங்கள் கேட்கலாம். இவரும் கேட்டார். போகும். யாருக்கும் தெரியவும் வராது. ஆனால் நான் மலாய்க்காரி என்பது வாயால் சொல்கிற பொய். அவர்கள் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இது அப்படியில்லை. அவர்களுடைய வயிற்றுக்குள் போகிற பொய். நம்பி வாய் திறக்கிறவர்களுக்கு அதைக் கொடுக்க என்னால் முடியவில்லை. பஸ் எடுத்து ஹென்டர்சன் போனேன். புதுச் சட்டி, புது அகப்பை, மூடி. வந்து மத்தியானம் முழுக்கக் கிண்டினேன். தோள்மூட்டுக் கழன்று விழாத குறை. சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் இறுகி எண்ணெய் கக்கத் தொடங்கியபோது வந்த மணத்தில் எனக்கே நான் சாவகர் பரம்பரைதானோ என்று ஒரு சந்தேகம் வந்தது.

தொதலைத் தட்டில் கொட்டி ஆறவிட்டு வெட்ட வேண்டும். எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் விதி என்ன? சமைத்த சட்டியோடு வர வேண்டும். சரி என்று அதைச் சட்டியிலேயே ஆறவிட்டு, மூடி போட்டு, துவாயால் இறுக்கிக் கட்டி மண்டபத்துக்குக் கொண்டு போனேன். கச்சேரியில் வேலை செய்தவளின் புத்தி அது. விதியில் இருப்பதைச் செய்வோம், தொதலின் நிலைமை என்ன என்று யோசிக்கமாட்டோம்.

மண்டபத்தில் பாய் விரித்து வரிசையாகச் சட்டிகள். கோலாலம்பூர்ச் சபையிலிருந்து புவான் ரொகாயா என்று ஒரு அம்மா வந்திருந்தார். புவான் என்றால் திருமதி. மலர் போட்ட நீளச் சட்டை, கையில் ஒரு குறிப்புக் கொப்பி, நல்ல கனிவான முகம். அவரும் பாக் சுலைமானும் ஒவ்வொரு சட்டிக்கு முன்னாலும் குந்தியிருந்து கதை கேட்டுக்கொண்டு வந்தார்கள். நாசி கோரேங் சோறு, இறைச்சி, அச்சாறு, வட்டிலப்பம். ஆறாவது பரீனாவின் சட்டி. ஏழாவது நான்.

பரீனா எனக்கு இரண்டு மலாய் வசனம் பாடமாக்கித் தந்திருந்தாள். புவான் ரொகாயா சிரித்துக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டார். இரண்டு வசனமும் மண்டபத்தை விட்டே ஓடிவிட்டன. என் வாயில் மிச்சமிருந்த ஒரே சொல்லைச் சொன்னேன்.

"சாவகச்சேரி."

பரீனா பாய்ந்து விழுந்து விளக்கம் சொன்னாள். புவான் ரொகாயா கண்ணை அகல விரித்து அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். யாழ்ப்பாணத்துச் சாவகர் என்று கோலாலம்பூரில் ஏதோ ஒரு கோப்பில் நான் இன்றைக்கும் இருக்கக்கூடும். தொதலைத் தாருங்கள், ருசி பார்ப்போம் என்பது போல அந்த அம்மா கையை நீட்டினார்.

கரண்டியை விட்டேன். இறங்கவில்லை. அழுத்தினேன். கரண்டி வளைந்தது. தொதல் சட்டியோடு ஞானஸ்நானம் வாங்கி ஒன்றாகிவிட்டது போல இருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வியர்த்து, என்னை அறியாமலே வாய் முணுமுணுத்தது. "கர்த்தாவே, இது வெளியில வராதோ?"

பாக் சுலைமான் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு சட்டியைத் தன் பக்கம் இழுத்து, அப்படியே ஒரு தட்டின் மேல் கவிழ்த்து, இறுகின நட்டைத் தட்டுகிற மாதிரி முஷ்டியால் அடியில் மூன்று தட்டுத் தட்டினார். தொதல் பொத்தென்று விழுந்தது. கூடவே துவாயும் கழன்று விழுந்தது. சட்டியின் வயிற்றில், காதுக்குப் பக்கத்தில், கடைக்காரனின் விலை ஸ்டிக்கர். சூட்டில் பாதி கருகி, மற்றப் பாதி வெள்ளையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது எட்டு நிமிடமும் தாங்கவில்லை. அவர் அதை வாசித்தார். வாசித்ததை நான் பார்த்தேன். கராஜில் புதுச் சாமானையும் பழைய சாமானையும் தடவியே பிரிக்கிற மனிதர். ஒரு புகைக்கறைகூட இல்லாத சட்டியை அவருக்கு மறைக்க முடியுமா? வாப்பாவின் சூட்கேஸ் கொழும்பில் வெயிலில் காய்ந்துகொண்டிருப்பது என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

பாக் சுலைமான் தன் பெரிய உள்ளங்கையை அந்த ஸ்டிக்கரின் மேல் வைத்தார். அப்படியே சட்டியை நிமிர்த்தி, அந்தப் பக்கம் தன்னை நோக்கி இருக்க வைத்துவிட்டு, புவான் ரொகாயாவிடம் சொன்னார். "துஜோ."

ஏழு என்று அர்த்தம். நான் அறிந்த மலாயில் எனக்குப் பிடித்த சொல் இன்றைக்கும் அதுதான்.

சாப்பாடு முடிந்து நான் மண்டபத்துக் குசினியில் சட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். பாக் சுலைமான் பின்னால் வந்து நின்று சுத்தமான தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

"தங்காச்சி, வீட்ல பன்னி ஆக்குவீங்களா?"

என் கையிலிருந்த சட்டி சின்க்கில் விழுந்தது. ஓம் என்றேன். இனி மறைத்து என்ன?

"அதான் புதுச் சட்டியா?"

"ஓம்."

"எங்க கிராமத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துல எல்லாம் தமிழாளுங்க லா. அவங்க பிள்ளைங்களோடதான் நான் வளந்தேன். எந்த மலாய்க்காரியும் தொதலுக்குக் கர்த்தரைக் கூப்பிட மாட்டா." முகத்தில் சிரிப்பே இல்லை.

"எண்ணிக்கையை மாத்தப் போறீங்களோ?" என்று கேட்டேன்.

அவர் துவாயை எடுத்துச் சட்டியைத் துடைத்தார். "பொய் சொல்ல வந்தவ பழைய சட்டியில ஆக்கிட்டு வந்திருப்பா. நீ எங்களுக்குன்னு கடைக்குப் போயி புதுச் சட்டி வாங்கியிருக்க. அந்த வீட்ட நான் எந்தப் பக்கம் எழுதுறது? நம்ம பக்கந்தான்."

அழுதேன். சின்க்கைப் பார்த்து நின்று நன்றாகவே அழுதேன். ஊரை விட்டு வந்த பிறகு யாரும் என்னை நம்ம பக்கம் என்று எழுதியிருக்கவில்லை. விசா காரியாலயத்தில் ஒரு பக்கம், வேலைத்தலத்தில் ஒரு பக்கம், எங்கள் ஆட்களின் கூட்டத்தில் வேதக்காரர் என்று இன்னொரு பக்கம். இந்தப் பக்கத்தில் என் பெயர் பொய்யாகத்தான் வந்தது. ஆனாலும் வந்தது.

"அடுத்த மாசமும் சட்டி கொண்டு வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கொண்டு போனேன். அதற்குப் பிறகு நாலைந்து வருடம் மாதா மாதம் கொண்டு போனேன். எனக்குத் தட்டெழுத்துத் தெரியும் என்று கண்டுபிடித்ததும் சங்கத்தின் கடிதமெல்லாம் என் தலையில். கேப் டவுனுக்கு, சிங்கப்பூருக்கு, கொழும்புக்கு. கேப் டவுன்காரர் பாட்டுப் பதிந்த கசட் அனுப்புவார்கள். அதைப் பிரதி எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவோம். கொழும்பிலிருந்து அச்சாறு எப்படிப் போடுவது என்று எழுதி வரும். அதை நான் இங்கிலீசில் அடித்து ஜோகூருக்கு பேக்ஸ் பண்ணுவேன். எல்லைக்கு எல்லை இவர்கள் கட்டிய உறவு என்று பெரிதாகச் சொன்னாலும், கிட்டப்போய்ப் பார்த்தால் அது அச்சாறும் பாட்டும்தான். அவ்வளவும் போதும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வாப்பா போனார். கழுவின சூட்கேஸோடு கோலாலம்பூர் போய் இறங்கினார். திரும்பி வந்து அவர் பரீனாவுக்குப் போன் எடுத்துச் சொன்னதை, அடுத்த திங்கட்கிழமை அவள் பெல்ட்டின் மறுபக்கம் நின்று சொன்னாள். மூன்று நாள் கூட்டத்தில் இரண்டாம் நாள் ஆள் காணாமல் போய்விட்டாராம். மேடையில் பேச்சு நடந்துகொண்டிருக்க, வாப்பா வெளியே போய் வந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார். கடைசி மட்டும் போய், இறங்காமல் திரும்பி வந்து, மறுபடியும் போய், மூன்று தரம்.

"ஆரோடயும் கதைக்கலயாம், அக்கா. சும்மா கேட்டுக்கொண்டு இருந்தாராம்."

"அவை என்ன கதைச்சவை?"

"மழையப் பத்தி. மீன் விலையப் பத்தி. ஒரு பொம்புள மருமகளுக்கு ஏசினாவாம்." பரீனா சிரித்தாள், மூக்கைத் துடைத்தாள். "கண்டக்டர் மட்டும் தமிழ் ஆளாம். மூணாந்தரம் 'ஐயா, எறங்கலியா'ன்டு கேட்டாராம். வாப்பா தமிழ்லயே 'இல்ல தம்பி, இன்னொருக்கா போவம்'ன்டாராம்."

அடுத்த வருடம் வாப்பா கொழும்பில் கண்ணை மூடினார். அவருடைய பிஸ்கட் டின்னில் வாழ்த்து அட்டைகளுக்கு மேலே மூன்று பஸ் டிக்கெட் இருந்ததாம்.

தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது வாடகைக்குச் சாமான் பூட்டிவைக்கிற அறைகள். அந்த மண்டபத்தை இடித்துவிட்டார்கள். பாக் சுலைமான் கராஜை விற்றுவிட்டு ஜோகூருக்கே போய், அங்கேயே அடக்கமாகிவிட்டார். பரீனா மெல்பேர்னில் பேரப்பிள்ளைகளோடு. மற்ற ஐந்து வீடும் ஒவ்வொன்றாகச் சிட்னிக்கும் பேர்த்துக்கும் போய்விட்டன. எனக்குத் தெரிந்த சங்கம் இப்போது போனில் ஒரு குழு. பெருநாளுக்குப் படம் வரும், ஒருவரும் குந்தியிருந்து எதையும் எண்ணுவதில்லை. இரண்டு வருடம் முன்பு நானும் ஊருக்குப் போய் யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரி பஸ் ஏறினேன். வாப்பா மாதிரிக் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். பஸ் நிறைய எங்கள் ஆட்கள். ஆளுக்கொரு போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைதடி தாண்டும் வரை மழையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மகளின் சூப் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு கோப்பை குடித்தேன். பிறகு பண்டி படாத அந்தச் சட்டியைக் கழுவினேன். அழுக்கில்லைதான், இருந்தாலும் கழுவினேன். ஸ்டிக்கரைச் சுரண்டிய இடத்தில் ஒரு சதுரத் தழும்பு கனகாலம் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். தேய்ந்து போய்விட்டது.

ஓக்லாந்தில் அந்த ஏழு சட்டியில் இப்போது மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான். கணக்குக்கு வைத்த பொய்ச் சட்டி. துவாயைச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.